கை ஒன்று, வேலை இரண்டு

கேள்வி: நான் தனியாகச் சித்திரக்கதை வரைந்து இணையத்தில் தொடராக வெளியிடுகிறேன், வாரம் ஓர் அத்தியாயம். ‘ஆள் சேர வேண்டுமானால் தினமும் எதையாவது போடு’ என்று பலரும் சொன்னதால், ஆறு மாதமாக ரீல்ஸ், வரையும் வீடியோ, கமெண்டுகளுக்குப் பதில் என்று இறங்கிவிட்டேன். இப்போது இரண்டு மாதமாக வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் வலி. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. ஒரு வாரம் பேனாவையே தொடாமல் இருந்தும் குறையவில்லை. இதற்கிடையில் 120 பக்கப் புத்தகம் ஒன்று 31 பக்கத்தோடு நிற்கிறது. அந்தக் கோப்பைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. முழு ஓய்வு எடுக்க வேண்டுமா? விளம்பரத்தை நிறுத்தினால் வாசகர்கள் போய்விட மாட்டார்களா? உடம்பு சரியில்லை என்று அவர்களிடம் சொல்லலாமா? இடது கையால் வரையப் பழகலாமா?

பதில் (இயன்முறை மருத்துவர்):

ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை என்கிறீர்கள், சரி. அந்த வாரம் போன் எங்கே இருந்தது? வரையாத நேரத்தில் கமெண்டுகளுக்குப் பதில் போட்டீர்களா, விட்டுப்போன ரீல்ஸை எடிட் செய்தீர்களா? கட்டைவிரல் பக்க வலியோடு வருகிற ஓவியர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பேனாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, கட்டைவிரலுக்குக் கிடைத்திருக்காது. விளம்பரம் என்பது மனசு சம்பந்தப்பட்ட சுமை என்று நினைக்கிறோம். அது கைவேலையும்கூட, அதுவும் நீங்கள் வரைகிற அதே கையின் வேலை.

நீங்கள் சொல்லும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கட்டைவிரலை வெளிப்பக்கம் விரிக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒன்று, அதை நிமிர்த்தும் தசைநாண் ஒன்று. இரண்டும் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகலான உறைக்குள் வழுக்கிக்கொண்டு போகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் ஒவ்வோர் அசைவிலும் உரசல், வலி. 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயரால் டி குவெர்வெயின் நோய் என்கிறோம். போனை ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் திரையின் எதிர் மூலையைத் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல் முழுதாக நீளும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாயும். இந்த இரண்டு தசைநாண்களுக்கும் இதைவிட மோசமான நிலை அதிகம் இல்லை. வரையும்போது பேனாவை இறுக்கிக் கிள்ளிப் பிடிப்பதும் இதே இடத்தைத்தான் சோதிக்கிறது.

வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். இடது கையில் முதலில் செய்துபாருங்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும், அதுதான் ஒப்பீடு. வலது கையில் கட்டைவிரல் ஓரமாகச் சுளீரென்று வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. அதற்காக இந்த ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள் என்றால் அது மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு அழுந்துவது, வேறு விஷயம். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும். வலி மணிக்கட்டில் இல்லாமல் கட்டைவிரலின் அடி மூட்டில் இருந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். சமீபத்தில் கையை ஊன்றி விழுந்திருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் எதையும் தொடங்கக் கூடாது. கட்டைவிரல் பக்கத்துச் சின்ன எலும்பு ஒன்றில் விரிசல் விட்டால் வெளியே பெரிதாகத் தெரியாது. சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு மாத வலிக்கு நேரில் காட்டுவதுதான் முறை. போகும்போது நீங்கள் வரைவதைப் பக்கவாட்டில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் விவரிப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

முழு ஓய்வு வேண்டாம். பழையபடி வரைவதும் வேண்டாம். தசைநாண் சும்மா இருந்தால் பலவீனமாகிறது. திரும்பப் பழைய வேலையைக் கொடுத்ததும் மறுபடி நோகிறது. ‘ஓய்வெடுத்தேன், சரியாச்சு, மறுபடி வந்துடுச்சு’ என்ற சுழல் இப்படித்தான் உருவாகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் சுமையைப் பாதியாக்குங்கள். அந்தக் காலத்தில் கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் (தாங்கு பட்டை) உதவும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலைச் சும்மா விட்டுவிடும், இந்த வலிக்கு அது போதாது. நாள் முழுக்க மாட்டிக்கொண்டே இருக்காமல், சில முறை கழற்றி விரல்களை வலிக்காத அளவுக்கு அசைத்துவிட்டு மாட்டுங்கள்.

வலி தணியத் தொடங்கியதும் பயிற்சி. வலது கட்டைவிரலை வெளிப்பக்கம் தள்ளுங்கள், இடது கையால் அதை நகரவிடாமல் தடுங்கள். அசைவு இருக்கக் கூடாது, அழுத்தம் மட்டும். 30 விநாடி, ஐந்து முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி முந்தைய காலையைவிடக் கூடியிருந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். இந்த மறுநாள் காலைக் கணக்கை வரைதலுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் தசைநாண் வலி செய்யும்போது சும்மா இருந்துவிட்டுத் தாமதமாகத்தான் பில் அனுப்பும். இரண்டு வாரம் நன்றாகப் போனால் விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு மெதுவாக விரித்து மெதுவாக விடும் பயிற்சிக்கு மாறலாம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஆறு வாரத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இந்த நோயில் அது பலருக்கு நன்றாகக் கேட்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அத்தியாயத்தை முடிப்பது மட்டும் வேண்டாம். மாத்திரை எச்சரிக்கை மணியை அணைக்கிறது, உரசலை அல்ல. தொடர்ந்து போட்டால் வயிறும் சிறுநீரகமும் வேறு பாதிக்கப்படலாம்.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். வழக்கமாக இங்க் செய்யும், அதாவது பென்சிலின் மேல் இறுதியாகப் போடும், ஒரு கோட்டை வரையுங்கள், வரையும்போது ஆள்காட்டி விரல் நகத்தைப் பாருங்கள். நகத்துக்கு அடியில் ரத்தம் விலகி வெளுத்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். பென் டேப்லெட்டின் (பேனாவால் வரையும் மின்பலகை) அமைப்புகளில் அழுத்த வளைவு என்று ஒன்று இருக்கும், எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதை முடிவுசெய்வது அதுதான். அதை மென்மைப் பக்கம் தள்ளுங்கள், நகம் வெளுக்காமலே தடித்த கோடு விழும் வரை. முதல் இரண்டு நாள் கோடுகள் எல்லாம் தடியாக வந்து கோபமூட்டும், பழகிவிடும். அடுத்து பேனாவின் முனை. ஒருபக்கம் சாய்வாகத் தேய்ந்த முனை திரையைப் பிராண்டும், கை தன்னையறியாமல் இன்னும் இறுக்கும். முனை மலிவு, மணிக்கட்டு அப்படியல்ல. மூன்றாவது, பேனாவின் தடிமன். மெல்லிய பேனாவைப் பிடிக்க அதிகம் கிள்ள வேண்டும். பஞ்சுக் குழாய் ஒன்றைச் செருகி உங்கள் நடுவிரல் அளவுக்குத் தடிமனாக்குங்கள்.

நீண்ட வளைவுகளை முழங்கையிலிருந்து இழுங்கள் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. காரணம் ஜூம். முழுப் பக்கமும் திரையில் தெரிகிற அளவில் வைத்து வரைந்தால் கோடு இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும், விரல்தான் நகரும். பெரிதாக்கி, ஒரு கோடு உள்ளங்கை நீளத்துக்கு மேல் போகும்படி வையுங்கள், முழங்கை தானாக வேலைக்கு வரும். அன்டூ, பிரஷ் அளவு இரண்டையும் இடது கைக்குக் கொடுங்கள். ஆனால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துகிற ஷார்ட்கட் எதையும் வைக்காதீர்கள், அங்கேயும் ஒரு கட்டைவிரல் இருக்கிறது.

போனை இடது கையில் பிடித்து, வலது ஆள்காட்டி விரலால் தொடுங்கள். நீளமான பதில்களைக் கணினியில் தட்டச்சு செய்யுங்கள், இல்லாவிட்டால் குரலில் சொல்லி எழுதவையுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒரு பத்தியில் வரைந்த நிமிடங்கள், இன்னொன்றில் போன் நிமிடங்கள். போன் கணக்கு அதன் அமைப்புகளிலேயே இருக்கும், நினைவை நம்ப வேண்டாம். நாளுக்கு நாலு மணி நேரம் வரைந்து, இரண்டரை மணி நேரம் போனில் இருந்தால் உங்கள் கை ஆறரை மணி நேரம் வேலை செய்திருக்கிறது. நீங்களோ நாலு மணி நேரம்தானே வரைந்தேன், எப்படி வலிக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கூட்டுத்தொகையில் பாதியிலிருந்து தொடங்கி, காலை வலி ஏறாவிட்டால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். பத்தில் ஒன்று என்பது கல்வெட்டு விதி அல்ல, திடீர்த் தாவலைத் தடுக்கும் வேலி, அவ்வளவுதான். 25 நிமிடம் வரைந்தால் 5 நிமிடம் இடைவேளை. அந்த 5 நிமிடத்தில் போனை எடுத்தால் அது இடைவேளை அல்ல. எழுந்து நடங்கள், தூரத்தில் எதையாவது பாருங்கள். கண்ணுக்கும் அதுதான் மருந்து.

கைக்கான நேரம் இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டால், விளம்பரத்தை எங்கே வெட்டுவது என்ற கேள்வி எளிதாகிறது. விளம்பரத்தில் மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன: பதிவைத் தயாரிப்பது, வெளியிடுவது, அதற்கு வரும் எதிர்வினையோடு மல்லுக்கட்டுவது. முதல் இரண்டுக்கும் முடிவு உண்டு. மூன்றாவதுக்கு இல்லை, கட்டைவிரல் தேய்வதும் அதில்தான் அதிகம். எப்போது லைக் விழும் என்று தெரியாததால்தான் திரும்பத் திரும்பத் திறக்கிறோம். நிச்சயமில்லாத பரிசு நிச்சயமான பரிசைவிட நம்மை விடாமல் பிடித்துவைக்கும். அறிவிப்புகளை அணைத்துவிட்டு, கமெண்டுகளுக்கு வாரம் இரண்டு முறை அரை மணி நேரம், கணினியில். எண்களைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, விளம்பரத்துக்கென்று தனியாக எதையும் வரையாதீர்கள். முடித்த ஒரு பக்கத்திலிருந்தே நாலு பதிவு எடுக்கலாம்: நல்ல கட்டம் ஒன்றை வெட்டி எடுப்பது, அதே கட்டத்தின் பென்சில் நிலையும் இங்க் நிலையும் பக்கத்தில் பக்கத்தில், வசனம் நீக்கிய கட்டம் ஒன்று, வரையும் மென்பொருள் தானே பதிந்துவைக்கும் டைம்லாப்ஸிலிருந்து 20 விநாடி. 1080க்கு 1350 பிக்சலில் ஒன்று, 1080க்கு 1920இல் ஒன்று என்று இரண்டு வார்ப்புக் கோப்புகளை (டெம்ப்ளேட்) ஒரே முறை செய்து வையுங்கள். மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டு பதிவு கணக்கில் எல்லாவற்றையும் நேரம் குறித்து ஏற்றிவிடலாம். தினம் போடு என்ற அறிவுரையால் முதலில் லாபம் அடைவது நீங்கள் பதிவு போடும் சமூக ஊடகத் தளம்.

ஒவ்வொரு பதிவும் ஓரிடத்துக்குத்தான் வழிகாட்ட வேண்டும். அது மின்னஞ்சல் பட்டியலாக இருப்பது நல்லது. தளம் தன் விதியை மாற்றினால் உங்களைத் தொடர்பவர்களை நீங்கள் கையோடு எடுத்துப் போக முடியாது. மின்னஞ்சல் முகவரிகளை முடியும். நாலு வாரத்துக்கு, ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை நிமிடம் ஆனது, அதைப் பார்த்து எத்தனை பேர் கதைக்கு வந்தார்கள் என்று எழுதுங்கள். நிமிடம் அதிகம் தின்றும் ஆள் கொண்டுவராத பதிவு வகையை அடுத்த மாதம் தயங்காமல் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது ரீல்ஸாக இருக்கும் என்று எனக்கொரு சந்தேகம், உங்கள் நோட்டு வேறு சொன்னால் நோட்டை நம்புங்கள்.

வாசகர்கள் போவார்களா? சிலர் போவார்கள். பதிவுக்காக வந்தவர்கள் அவர்கள். கதைக்காக வந்தவர்கள் கதைக்காகக் காத்திருப்பார்கள், எப்போது வரும் என்று தெரிந்தால்.

புத்தகம் நிற்பதற்குச் சோம்பலைக் காரணமாக்கியிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்துக்குக் குட்டி ஸ்கெட்ச் 20 நிமிடம், பென்சில் 90, இங்க் 120, நிறம் 60, எழுத்து 20 என்று வையுங்கள், மொத்தம் 310. இது உதாரணம்தான், உங்கள் எண்களை நீங்கள் அளக்க வேண்டும். மீதி 89 பக்கம். கிட்டத்தட்ட 460 மணி நேரம் வருகிறது. புத்தகத்துக்கு வாரம் 12 மணி நேரம் ஒதுக்கினாலும் 38 வாரத்துக்கு மேல். இதோடு வாரத் தொடரும் தினப் பதிவும் சேர்ந்தால், கை நன்றாக இருந்திருந்தாலும் இது நடக்கிற காரியமில்லை. பென்சிலையே துப்புரவாக வரைந்து, அதையே இறுதிக் கோடாக வைத்துக்கொண்டு பக்கத்துக்கு 100 நிமிடம் மிச்சம் பிடித்தால், 26 வாரத்தில் முடியும். நடையில் சமரசம்தான். ஆனால் மணிக்கட்டைக் கேட்டால் அது இங்க் வேலையைத்தான் முதலில் வெட்டச் சொல்லும்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். முடிந்த 31 பக்கங்கள் சும்மா கிடக்கின்றனவே. இப்போதைய தொடரைக் கதை ஓய்கிற ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தைத் தொடராக்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலு பக்கம் என்றால், புதிதாக ஒரு கோடும் போடாமல் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும். அதுதான் உங்கள் கை தேறுவதற்கான காலமும். பக்கங்களைப் போனில் மேலிருந்து கீழே நகர்த்திப் படிக்கும் செங்குத்துச் சுருளாக வெட்டி அடுக்க வேண்டியிருந்தால் 800 பிக்சல் அகலத்தில் செய்யலாம். அச்சுக்கான பெரிய மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள். சுருக்கிய கோப்பை மறுபடி பெரிதாக்கினால் அச்சில் கோடுகள் பஞ்சு போல வரும். ஒரு எச்சரிக்கை: பதிப்பகத்தோடு பேசிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே இணையத்தில் வந்ததை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சிலர் முதல் வெளியீட்டு உரிமையை எதிர்பார்ப்பார்கள்.

உடல்நிலை பற்றி வாசகர்களிடம் சொல்லலாம், அளவோடு. எது நிற்கிறது, எது தொடரும், அடுத்த செய்தி எப்போது. இந்த மூன்று போதும்: ‘கையில் வலி இருப்பதால் தொடர் இந்த அத்தியாயத்தோடு இடைவேளை எடுக்கிறது. அடுத்த மாதம் முதல் புதிய கதை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தொடர் எப்போது திரும்பும் என்பதைப் புதிய கதையின் ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.’ நோயின் பெயர், ஸ்கேன், பட்டை கட்டிய கையின் படம் எதுவும் வேண்டாம். போட்டால் கமெண்டில் ஆயிரம் வைத்தியம் வரும், ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லக் கட்டைவிரல் வேண்டும். நாளைக்கு வேலை தரப்போகிறவரும் அதைப் படிப்பார். தேறிவரும் கதையைத் தினப் பதிவாக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். மாதச் சந்தா கட்டுபவர்கள் இருந்தால், அடுத்த தொகை பிடிக்கப்படும் தேதிக்கு முன்பே தனியாகச் சொல்லி, முடிந்தால் அந்த மாத வசூலை நிறுத்திவையுங்கள். ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பொது அறிவிப்பு போதாது. ஆளுக்கொரு மின்னஞ்சல், புதிய தேதியோடு.

கோப்பைத் திறந்தாலே வரும் எரிச்சலையும் விட்டுவிட முடியாது. வேலையில் தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் ‘பர்ன்அவுட்’டை வேலை சார்ந்த ஒரு நிலையாக விவரித்தது. எரிச்சல் அந்தக் கோப்போடு நின்றுவிட்டால், மேலே சொன்ன குறைப்புகளும் ஏழு மணி நேரத் தூக்கமும் அதைத் தணிக்க வாய்ப்பு உண்டு. பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், நாளில் பெரும்பகுதி மனம் சோர்ந்து, இரண்டு வாரமாக அப்படியே இருந்தால் கதை வேறு. மணிக்கட்டுக்கு முன் அதற்கு மருத்துவரைப் பாருங்கள்.

இடது கை: குட்டி ஸ்கெட்ச், நிறம் நிரப்புவது போன்ற துல்லியம் தேவைப்படாத வேலைகளுக்குப் பழகலாம், நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி. பழக்கமில்லாத கை பேனாவை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும், அதனால் அந்த நிமிடங்களையும் நோட்டில் எழுதுங்கள். போனை ஏற்கெனவே இடது கைக்கு மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.